கோப்பைத் திறந்து வைத்தவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நானுஓயாவில் இருந்துகொண்டு கணினி பற்றி ஒரு நல்ல புத்தகம் படிக்க ஆசைப்பட்டவர் ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ யாராவது வர வேண்டும். வருகிறவர் பையில் அது இருக்க வேண்டும். 1885இல் தண்டவாளம் இங்கே ஏறி வந்த நாள்முதல் நுவரெலியாவுக்குப் போகிற ஆளும் சாமானும் எங்கள் ஸ்டேசனில்தான் இறங்கின. தேயிலைப் பெட்டி கீழே போனது. கடிதமும் பத்திரிகையும் புத்தகமும் மேலே வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்பது பெரும்பாலும் போட்டோக்கொப்பிதான். முன்னுக்குப் படித்த அண்ணன்மார் அக்காமார் பிரதி எடுத்து, நூலால் கட்டி, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதி அடுத்தவருக்குக் கொடுத்த கட்டுகள். அந்தக் கட்டுகளில்தான் நாங்கள் ஏ.எல். பாஸ் பண்ணினோம்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனபோது எனக்கு அப்படி வந்த கட்டுகளில் ஒன்று லேடெக் பற்றியது. சமன்பாடுகள் நிறைந்த ஆய்வறிக்கையைக் கணினியில் எப்படி எழுதுவது என்று சொல்லும் கையேடு. ஆஸ்திரியாவில் ஹூபர்ட் பார்ட்டல், இரேனே ஹைனா, எலிசபெத் ஷ்லேகல் ஆகியோர் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறு அறிமுகம் ஒன்றை அடிப்படையாக வைத்து, டோபியஸ் ஊடிக்கர் ஆங்கிலத்தில் ஆக்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த கையேடு அது. இத்தனை நிமிடத்தில் படித்து முடிக்கலாம் என்று அதன் உபதலைப்பு ஓர் எண்ணைச் சொல்லும். கையேட்டின் பக்கங்கள் கூடக் கூட அந்த எண்ணும் கூடும். எங்கள் காலத்தில் நூறுக்குள் நின்ற எண், பின்னால் 139, 157 என்று ஏறிவிட்டது.

அந்தக் கட்டோடு ஒரு பிளொப்பியும் வந்தது. அதைக் கொடுத்த அண்ணன் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "தம்பி, இதுல அச்சடிச்ச பக்கமும் இருக்கு, அந்தப் பக்கத்த உண்டாக்கின கோப்பும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு." அவர் சொன்னதை அன்று ஒரு சின்ன யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருசம் இந்த வேலையிலேயே இருந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, தொழில்நுட்ப ஆவணக் குறிமொழிகளைக் கற்க அதைவிட நல்ல வழியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று தெரிகிறது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் கணினி கிடையாது. லயத்தில் அப்போது மின்சாரமே சில மணி நேரம்தான். ஆகவே கோப்பின் பக்கங்களையும் அச்சிட்டு எடுத்து வந்திருந்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கட்டளையையும் வலப்பக்கம் அது தாளில் எப்படி வரும் என்பதையும் கையால் எழுதிப் பழகினேன். பின்சாய்வுக்கோடு, அதன் பின் 'ஃபிராக்', இரண்டு சோடி நெளிவு அடைப்பு. இந்தப் பக்கம் ஒரு பின்னம். பின்சாய்வுக்கோடு, 'செக்ஷன்', இந்தப் பக்கம் இலக்கமிட்ட தலைப்பு. கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, கணக்கா இங்கிலீசா?" என்று கேட்பார். இரண்டும்தான் என்பேன். விடுமுறை முடிந்து ரயிலேறி, ஆய்வுகூடத்தில் வரிசையில் நின்று கணினி கிடைத்ததும், கொப்பியில் எழுதியதைத் தட்டச்சிட்டு ஓடவிடுவேன். எந்த வரிக்கு என்ன வரும் என்று முன்பே எழுதி வைத்திருந்ததால், திரையில் வந்தது அதற்கு மாறாக இருந்தால் எந்தக் கட்டளையால் மாறியது என்று உடனே பிடிபடும். ஒரு கையேடும் அதன் கோப்பும் மட்டுமே கைவசம் இருந்ததால், அவற்றைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். வேறெதையும் தேடிப் போக வழியே இருக்கவில்லை.

இந்த மொழிகள் செய்கிற வேலையைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது லேசு. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு குறி போடுவார். அது முழுப்பேரா அரைப்பேரா என்பதை மட்டும் சொல்லும். அதற்குக் காசு எவ்வளவு என்பதை மாதக் கடைசியில் ஆபீஸ் கணக்குப் போடும். சம்பளம் கூடினால் கணக்குப் போடும் விதத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதும். பழைய குறிகளை யாரும் அழித்து எழுத மாட்டார்கள். குறிமொழியும் இதைத்தான் செய்கிறது. எழுதுகிறவர் 'இது தலைப்பு, இது பந்தி, இது தேற்றம், இது அடிக்குறிப்பு' என்று குறித்து வைக்கிறார். தலைப்பு எந்த அளவில், எந்த எழுத்துருவில், பக்கத்தின் எந்த இடத்தில் வர வேண்டும் என்பது வேறோர் இடத்தில் தீர்மானமாகிறது.

1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தார்கள். கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். சட்ட அலுவலகங்களில் மலையாகக் கிடந்த ஆவணங்களைக் கணினியில் சேர்த்து வைக்கவும், தேடவும், அச்சிடவும் ஒரே வழி வேண்டும் என்று தேடியபோது பிறந்தது அவர்களுடைய குறிமொழி. அது வளர்ந்து எஸ்.ஜி.எம்.எல். என்ற பெயரில் 1986இல் ஐ.எஸ்.ஓ. 8879 என்ற அனைத்துலகத் தரமானது. இணையப் பக்கங்களை எழுத டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்.டி.எம்.எல். அதன் வழி வந்தது. 1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல்.லும் அதே குடும்பம். லேடெக் இன்னொரு கிளை. தம்முடைய நூலின் இரண்டாம் பாகத்துக்கு வந்த அச்சுப் படிகள் கண்ணுக்குப் பிடிக்காமல், டொனால்ட் நுத் 1977இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் கட்டிய எளிய அடுக்கு லேடெக். அதற்கான அவருடைய கையேடு 1986இல் வந்தது. இவர்கள் எல்லாரும் கோப்பை மனிதர் வாசிக்கும்படி வெறும் எழுத்தாக வைத்தார்கள். திறந்தால் தெரியும், தெரிந்தால் கற்கலாம்.

ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் செய்ய முனைந்தபோதுதான் இந்தத் 'திறந்தால் தெரியும்' எவ்வளவு பெரிய கொடை என்று உணர்ந்தேன். அந்தக் காலத்து இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துருதான். பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாம் பாமினியில். திரையில் தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும். பாமினியில் 'மூ' என்ற எழுத்து நூற்றுவீதக் குறியின் இடத்தில் இருக்கிறது. லேடெக்கில் நூற்றுவீதக் குறிக்கு அப்பால் அந்த வரியில் வருவதெல்லாம் எழுதுகிறவரின் சொந்தக் குறிப்பு, அச்சுக்குப் போகாது. ஆகவே 'மூன்று' என்று எழுதினால் அந்த வரியின் மிச்சம் முழுக்கக் காணாமல் போகும். 'கூ' டொலர் குறியின் இடத்தில்; லேடெக்கில் டொலர் குறி கணிதத்தைத் தொடக்கும். 'கூட்டம்' என்ற சொல் வந்ததும் அடுத்து வருவதெல்லாம் சமன்பாடாகிவிடும். 'ரூ' வருகிற இடத்தில் இருக்கும் குறி லேடெக்கில் அட்டவணையின் நிரல்களைப் பிரிப்பது. ரூபாய் என்று எழுத வழியில்லாமல் சம்பளப் பட்டியலை எப்படிப் போடுவது?

எச்.டி.எம்.எல்.லிலும் இதே கதை. பாமினியில் 'ஈ' என்ற எழுத்து, குறி ஒன்றைத் திறக்கும் கோண அடைப்பின் இடத்தில் இருக்கிறது. காற்புள்ளி, அதை மூடும் அடைப்பின் இடத்தில். 'ஈரம்' என்று தட்டச்சிட்டால் உலாவி அதை ஒரு குறியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, அடுத்த காற்புள்ளி வரைக்கும் உள்ள அத்தனை சொற்களையும் மறைத்துவிடும். இதை எந்த ஆங்கிலப் பாடநூலும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தேவையும் இருக்கவில்லை. கோப்பைத் திறந்து, எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. தமிழில் கற்பதற்கான வளம் தமிழில் எழுதி முயன்று பார்த்தவரிடமிருந்துதான் வர முடியும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த மூன்று நான்கு எழுத்துகளே காரணம்.

முயன்றவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே, டெக்குக்கென்றே ஒரு தமிழ் எழுத்துருவை வடித்துக் கொடுத்தார். 1991இல் வெளியான ஒருங்குறி (யூனிகோட்) தரத்தின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், அது எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். 2004இல் ஜொனதன் கியூ டெக்கின் புது வடிவான ஸீடெக்கை வெளியிட்ட பிறகு ஒருங்குறித் தமிழை நேரே கோப்பில் எழுதி, கணினியில் உள்ள எந்தத் தமிழ் எழுத்துருவிலும் அச்சிட வழி பிறந்தது. தமிழின் நீண்ட சொற்கள் வரிக் கடைசியில் எங்கே ஒடிய வேண்டும் என்ற விதிகளைக் கேரளத்தின் சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிச் சேர்த்தார். இன்று நான் தமிழில் ஒரு பக்கம் அடித்து இரு ஓரமும் நேராக வருவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு மலையாளி எங்கள் சொல்லைப் பொறுமையாக அசை பிரித்தார் என்ற நன்றி மனதில் வருகிறது.

கேரளத்திடம் நாங்கள் பட்ட கடன் இன்னும் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் இயங்கிய இந்திய டெக் பயனர் குழு 2003இல் ஒரு லேடெக் பாடநூலை வெளியிட்டது. ஈ. கிருஷ்ணன் பதிப்பித்தது. ஒவ்வொரு பாடத்திலும் முதலில் என்ன எழுத வேண்டும், அடுத்து அது எப்படி வரும் என்று மாறி மாறிக் காட்டுவது. எளிய ஆங்கிலம். நம்முடைய வகுப்பறைகளில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று அறிந்த ஆசிரியர்களின் கை அதில் தெரியும். லாம்போர்ட்டின் நூலை வாசித்து மிரண்ட பிள்ளைகளிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். பயம் தெளிந்து திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் தமிழில் குறிமொழி கற்பித்த மிகப் பெரிய பள்ளிக்கூடம் எதுவென்று என்னைக் கேட்டால், தமிழ் விக்கிப்பீடியா என்பேன். 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே அதன் தொடக்க நாட்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார். அந்தப் பணிக்காகக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அவருடைய கட்டுரைகளின் அருமையை எல்லாரும் பேசுவார்கள். நான் பேச விரும்புவது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கிற 'தொகு' என்ற பொத்தானைப் பற்றி. அதை அமுக்கினால் அந்தக் கட்டுரையின் உள்ளே போய்விடலாம். இரு பக்கமும் இரண்டு சமக்குறி இட்டால் தலைப்பு. மூன்று மேற்கோள் குறி இட்டால் தடித்த எழுத்து. இரட்டைச் சதுர அடைப்பு இட்டால் இணைப்பு. யாரும் வகுப்பு நடத்தவில்லை. முன்னால் எழுதியவர் எப்படி எழுதினார் என்று பார்த்துப் பார்த்தே ஆசிரியர்களும் மாணவர்களும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் ஒரு குறிமொழியைத் தமிழிலேயே கற்றுக்கொண்டார்கள். 'இருபடிச் சமன்பாடு' போன்ற ஒரு கணிதப் பக்கத்தைத் தொகுக்கத் திறந்து பாருங்கள். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே பின்னமும் வர்க்கமூலமும் லேடெக் கட்டளைகளாக நிற்கும். தமிழும் லேடெக்கும் ஒரே கோப்பில் கலந்து, யாரும் திறந்து பார்க்கும்படி இருப்பது அங்கேதான்.

இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் விக்கி மென்பொருளில் கட்டப்பட்டதுதான். வட்டகொடைக்குப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்தை, அதே தண்டவாளத்தில் சில ஸ்டேசன் தள்ளி இருக்கும் நான் கைபேசியில் வாசிக்க முடிகிறது என்றால் அது அவர்கள் கொடுத்த வரம். அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் ஒளிப்படங்களாக இருக்கின்றன. அவை தட்டச்சாகி, அத்தியாயமும் பந்தியும் குறிக்கப்பட்ட கோப்புகளாகும்போது சொல்லைத் தேடலாம், பார்வையற்ற பிள்ளைக்குக் கணினி வாசித்துக் காட்டலாம், புதிய பதிப்பு போடலாம். அந்த வேலைக்குக் கை வேண்டும். குறிமொழி தெரிந்த கை.

இப்போது நானுஓயாவில் ரயிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லாவிட்டாலும் எல்லா லயத்திலும் கைபேசி உண்டு. எச்.டி.எம்.எல். ஏ.எல். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலேயே இருக்கிறது. லேடெக் என்று தேடினால் கொட்டுகிறது: காணொளி, வகுப்பு, புத்தகம், கேள்வி பதில், இப்போது கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும். அப்படியிருந்தும் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "சேர், எதப் படிக்கிறதுன்னே தெரியலயே. ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது" என்றாள். அவள் முகத்தில் இருந்த களைப்பு எனக்கு வலித்தது. என் காலத்தில் ஒன்று கிடைக்காமல் நாங்கள் களைத்தோம். இவள் தேர்ந்தெடுக்க வழி தெரியாமல் களைத்திருக்கிறாள். அவள் நேரமும் டேட்டாவும் அதிலேயே கரைகின்றன.

அவள் சொன்னது உண்மை. வலையில் கிடைப்பவை வெவ்வேறு காலத்தவை. காலம் குறிக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 'டொகியுமென்ட்ஸ்டைல்' என்று தொடங்கும் எடுத்துக்காட்டு 1994க்கு முந்திய லேடெக்கைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு 'டொகியுமென்ட்கிளாஸ்' வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே தேடலில் காட்டினால் புதிதாகப் படிக்கிறவர் என்ன செய்வார்? தமிழில் எழுத விரும்புகிறவருக்கு இன்னொரு தடை. லேடெக்கை உலாவியிலேயே எழுதி ஓடவிடும் ஓவர்லீஃப் போன்ற இணையத் தளத்தில் ஒரு புதிய கோப்பைத் திறந்தால் அது பொதுவாக பி.டி.எஃப். லேடெக்கில் ஓடும், ஒருங்குறித் தமிழை அது அப்படியே ஏற்காது. அமைப்பில் போய் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்று மாற்றி, ஒரு தமிழ் எழுத்துருவையும் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குத் தேவைப்படாத படி என்பதால் ஆங்கில வழிகாட்டிகளின் முதல் பாடத்தில் இது வராது. எங்கள் பிள்ளை முதல் பாடத்திலேயே வெற்றுத் தாளைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு இது சரிவராது என்று எழுந்து போய்விடுகிறது.

ஆகவே என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு எதைப் படி என்று சொல்வதற்கு முன் எப்படித் தேர்ந்தெடு என்று சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் முழுக் கோப்பைக் கொடுக்கிறதா என்று பார்; நடுத்துண்டை மட்டும் காட்டுகிற பாடத்தைத் தள்ளி வை. எழுதியதும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா பார். எந்த ஆண்டு, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று சொல்கிறதா பார். பிழைச் செய்தி வந்தால் என்ன செய்வது என்று ஓர் இடத்திலாவது பேசுகிறதா பார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாடத்தின் கோப்பையே உனக்குத் தருகிறதா பார். இந்த ஐந்தும் உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் மூடிவிட்டு அதை முடி. முன்பு வேறு வழியில்லாமல் நாங்கள் செய்ததை இன்று ஒரு பிள்ளை தானே தீர்மானித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

தொடங்குகிற வரிசையையும் சொல்கிறேன். முதலில் மார்க்டவுன். ஜோன் குரூபர் 2004இல் வெளியிட்ட எளிய குறிமொழி, கைபேசியிலேயே எழுதலாம். அதன் பொதுத் தரமான கொமன்மார்க் தளத்தில் இருக்கும் சிறு பயிற்சி ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து எச்.டி.எம்.எல். அதற்குத் தமிழிலேயே நல்ல நூல் இருக்கிறது: 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழின் வழி வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை. யாரும் இலவசமாக இறக்கி, பிரதி எடுத்துக் கொடுக்கலாம். உலாவியில் பக்கத்தின் மூலத்தைப் பார்க்கும் வசதியையும் அதோடு சேர்த்துப் பழக்குகிறேன். உலகத்தின் எந்த இணையப் பக்கமும் அதன்பின் பாடநூல்தான். மூன்றாவதாக லேடெக். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூடோரியல் திட்டம் சிறு சிறு காணொளிப் பாடங்களை இந்திய மொழிகள் பலவற்றில், தமிழ் உட்பட, பேசிக் கொடுத்து வருகிறது. லேடெக்கும் அவர்களுடைய பாடங்களில் ஒன்று. ஆங்கிலம் ஓரளவு வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரத்துப் பாடநூலும் ஊடிக்கரின் கையேடும் இன்றும் போதும். ஒன்றில் எழுதியதை இன்னொன்றாக மாற்ற, கலிபோர்னியாவில் மெய்யியல் பேராசிரியரான ஜோன் மெக்ஃபார்லன் 2006இல் தொடங்கிய பாண்டொக் இருக்கிறது. வேலைக்குப் போய்ப் பெரிய இயந்திரக் கையேடுகளையும் மென்பொருள் வழிகாட்டிகளையும் எழுத நினைப்பவர்களுக்கு அதற்கப்பால் டொக்புக்கும் டிட்டாவும் உண்டு. அவை இன்று எக்ஸ்.எம்.எல்.லில் எழுதப்படுபவை; எச்.டி.எம்.எல்.லை ஒழுங்காகக் கற்றவருக்குப் பயம் வேண்டாம்.

ஊடிக்கரின் கையேடு பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. பாரசீகம், தாய், வியட்நாம், மங்கோலியம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழை அங்கே நான் கண்டதில்லை. அதை யாராவது தமிழாக்க வேண்டும் என்பது என் பழைய ஆசை. ஆனால் இப்போது அதைவிட அவசரமானது வேறொன்று என்று நினைக்கிறேன். நமக்கு விளக்கம் குறைவாக இருக்கிறது என்பதைவிட, திறந்து பார்க்கத் தமிழ்க் கோப்புகள் போதவில்லை என்பதே பெரிய குறை. மலையகத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் ஒவ்வொரு தவணைக்கும் மாதிரி வினாத்தாள் தயாரிக்கிறார்கள். செயலட்டை, குறிப்பு, கடந்தகால வினாக்களுக்கு விடை தயாரிக்கிறார்கள். பலரும் இன்னும் பாமினியில் தட்டச்சிட்டு, வர்க்கமூலத்தையும் தொகையீட்டுக் குறியையும் அச்சிட்ட பிறகு பேனையால் போடுகிறார்கள். பிறகு அதைப் படம் பிடித்துக் கைபேசிக் குழுக்களில் அனுப்புகிறார்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறியபோது அந்தப் படங்கள்தான் அவர்களுடைய வகுப்பறை. 2022இல் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனபோதும் திரையில் வந்த தாள்தான் கை கொடுத்தது. அந்த ஆசிரியர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். அந்த உழைப்பு ஒருமுறை அச்சாகி அத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. படத்திலிருந்து எந்தப் பிள்ளையும் எப்படிச் செய்தார்கள் என்று கற்க முடியாது. அடுத்த ஆசிரியர் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது.

அதே வினாத்தாள் ஒருங்குறித் தமிழில், லேடெக் கோப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சில ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் இங்கே செய்து பார்த்து வருகிறோம். ஒருவர் நுண்கணிதத் தாள் எழுதுகிறார்; கோப்பையும் அச்சுப் பக்கத்தையும் சேர்த்துப் பகிர்கிறார். தலவாக்கலையில் இருக்கும் இன்னொருவர் கோப்பைத் திறந்து, வினாவை மாற்றி, தன் வகுப்புக்குப் பாவிக்கிறார். அதைப் பார்த்த பிள்ளை 'எல்லை'யை எப்படி எழுதினார்கள் என்று தேடி, தன் பயிற்சிக் கொப்பியின் விடைகளை அதேபோல எழுதுகிறது. "சேர், இந்த வரிய இப்பிடி மாத்தினா எல்லா வினாவுக்கும் இலக்கம் தானா மாறுது" என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னபோது அவனுக்கு நான் எதையும் கற்பித்திருக்கவில்லை. தமிழில் ஒரு முழுக் கோப்பு அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான். எழுத்துருவைக் குறிக்கும் வரி, மொழியைக் குறிக்கும் வரி, தலைப்பு, வினா, புள்ளி எல்லாம் அவனுக்குத் தெரிந்த பாடத்தில், அவனுக்குத் தெரிந்த மொழியில் இருந்தன.

இதற்குப் பெரிய காசு வேண்டியதில்லை. டெக்கும் லேடெக்கும் அடங்கிய டெக் லைவ் முழுத் தொகுப்பு பல ஜி.பி. அளவு; ஒருவர் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் ஒரு பாடசாலைக்கே போதும். நோட்டோ தமிழ் எழுத்துரு இலவசம். இவையெல்லாம் பழைய கணினியிலும் ஓடும். கட்டுகளை நூலால் கட்டிக் கைமாற்றிக் கொடுத்துப் பழகிய ஊர் இது. கொடுக்கும் பழக்கத்தை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம். கொடுக்கும்போது அச்சிட்ட பக்கத்தோடு அதன் கோப்பையும் சேர்க்க வேண்டும், அவ்வளவே.

ஹட்டனிலும் பதுளையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தவணைக்குத் தயாரிக்கும் தாள்களில் ஒன்றையாவது ஒருங்குறியில், குறிமொழியில் எழுதுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. திறக்கக்கூடிய கோப்பில் உள்ள பிழையை இன்னொருவர் திருத்தலாம். முதல் வரியில் ஆண்டையும், எதில் ஓடவிட வேண்டும் என்பதையும் எழுதி, பிரதி எடுக்கலாம் என்று அனுமதியும் கொடுத்துப் பகிருங்கள். இப்படி நூறு கோப்புகள் சேர்ந்துவிட்டால், நல்ல பாடம் எங்கே கிடைக்கும் என்று நானுஓயாப் பிள்ளை கேட்கும்போது, இங்கிருந்து தொடங்கு என்று தயங்காமல் காட்ட நம்மிடம் ஓர் இடம் இருக்கும்.